நான் வைத்த பத்து வினாடி

தம்பி,

போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் பேசினால் நீ வாயைத் திறப்பதற்குள் உனக்கும் சேர்த்து நானே பேசி முடித்துவிடுவேன். உன் அப்பாவும் அதையேதான் சொன்னார். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது. நான் எத்தனை பக்கம் வளவளத்தாலும் உன் வாக்கியத்துக்குக் குறுக்கே வர முடியாது. உனக்குப் பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம், நான் பின்னாலேயே வந்து பேச மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். சாந்தோமில் பூசை முடிந்து நீயும் அப்பாவும் மந்தைவெளி வரைக்கும் நடந்தே வந்தீர்கள். நீ ஆதம்பாக்கத்தில் நண்பனோடு அறை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து வாரத்தில் அந்த ஒரு நாள்தான் உனக்கு வீட்டுச் சாப்பாடு. இரண்டாம் முறை மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். “அம்மா, அந்தப் ப... பத்து வினாடி...” என்று ஆரம்பித்தாய். நான் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. “அதெல்லாம் மாத்த முடியாதுப்பா. மாத்தினா பழைய கணக்கெல்லாம் குப்பை” என்று சொல்லிவிட்டு, “இன்னொரு துண்டு போடட்டுமா?” என்றேன். நீ தட்டைப் பார்த்தபடியே “சரிம்மா” என்றாய். அந்த ஒரு சொல்லில் மட்டும் உனக்குத் திக்கியதே கிடையாது. அது எதனால் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் யோசித்துப் பார்க்கவில்லை.

நீ கிளம்பின பிறகு அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். “அவன் என்ன கேக்க வந்தான்னு தெரியுமா உனக்கு? வர்ற வழியெல்லாம் அதத்தான் சொல்லிட்டு வந்தான்” என்றார். வரும் திங்கட்கிழமை கூட்டத்தில் நீ முடிவு சொல்ல வேண்டுமாம். முன்பு நான் பார்த்து, இப்போது நீ வேலை பார்க்கும் அந்த ஆராய்ச்சிக்குப் புதிதாகக் குழந்தைகளைச் சேர்க்கப்போகிறார்கள், அவர்களுக்கும் நான் செய்த பழைய அட்டைகளையும் பழைய பத்து வினாடியையுமே வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று. மாற்ற வேண்டும் என்பதுதான் உன் எண்ணம். ஆனால் மாற்றினால் நான் இத்தனை வருடம் சேர்த்த மதிப்பெண்களைப் புதிய மதிப்பெண்களோடு ஒப்பிட முடியாமல் போகும். “அம்மா உழைப்பு வீணாப் போயிடுமேன்னுதான் அவன் தயங்கறான். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தான். நீ மீனப் போட்டு அனுப்பிட்ட” என்றார். எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. அவரிடம் சண்டை போட்டேன், அது வேறு விஷயம்.

நீ கேட்க நினைத்ததற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதிலைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் இல்லாமல் சொன்னால், அம்மா பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாய். விட்டுக்கொடுக்கிற குணம் எனக்குக் கிடையாது என்று உனக்கே தெரியும்.

நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. மாற்றுத்திறன் குழந்தைகள் தொடக்கப் பள்ளி வயதில் என்ன கற்கிறார்கள், எவ்வளவு கற்கிறார்கள் என்று ஒரே குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்ப்பது. அதற்குக் கேள்விகள் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு. நம் குடும்பத்தில் வாத்தியார் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆராய்ச்சி என்று ஒருத்தி போனது நான்தான் முதல். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. பேச வராத குழந்தைக்கும் எழுத வராத குழந்தைக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று பட அட்டைகள் செய்தேன். ஒவ்வோர் அட்டையிலும் நான்கு படம். “மழை பெய்யும்போது எது வேணும்?” என்று கேட்டால் குழந்தை குடையைத் தொட வேண்டும். கேட்பவர் சரி, தப்பு என்று முகத்திலேகூடக் காட்டக் கூடாது. பத்து வினாடி பொறுக்க வேண்டும். அதற்குள் கை படாவிட்டால் ‘பதில் இல்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த அட்டைக்குப் போக வேண்டும்.

அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று கூட்டத்தில் யாராவது கேட்டால் உனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது. உன்னை நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார வைத்து, ஸ்டாப் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு அட்டை அட்டையாகக் காட்டினேன். உனக்கு வாய்தான் திக்கும். விரல் பறக்கும். கேள்வி முடிவதற்குள் தொட்டுவிட்டு, பரிசு எங்கே என்று என்னைப் பார்ப்பாய். பிறகு கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு வரும் குழந்தைகள் சிலரிடமும் செய்து பார்த்தேன். யாருக்கும் நான்கு வினாடிக்கு மேல் ஆகவில்லை. சரி, நம் ஆராய்ச்சிக் குழந்தைகளுக்குத் தாராளமாகவே இருக்கட்டும் என்று பத்து என்று எழுதினேன். தாராளமாம்! கை சொன்ன பேச்சைக் கேட்கும் குழந்தைகளை வைத்து அளந்துவிட்டு, கை கேட்காத குழந்தைகளுக்கு அதைத் தூக்கிக் கொடுத்தேன். அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. என்னைச் சுற்றி இருந்தவர்களுக்கும் விளங்கவில்லை.

முதல் வருடமே விளங்கவைத்தவள் பவித்ரா. அடையாறு ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து அவள் அம்மா கலா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். கலாவுக்கு அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் வேலை. பவித்ராவுக்கு உன் வயதுதான். பிறக்கும்போதே மூளை முடக்குவாதம். பேச்சு குழறும், வலது கை மட்டும் ஓரளவுக்கு வரும், அதுவும் சுற்றி வளைத்துக்கொண்டு வரும். குடை கேள்வியைக் கேட்டேன். அவள் கண் உடனே குடைக்குப் போய்விட்டது. தம்பி, நான் பார்த்தேன். அதை மறைக்கவே மாட்டேன். கண் போய்விட்டது, ஆனால் கை வரவில்லை. தோள் தூக்கியது, முழங்கை வெளியே போனது, விரல்கள் மூடித் திறந்தன. கை மெல்ல வந்து மேசையில் படும் நேரத்தில் பத்து வினாடி முடிந்து நான் அட்டையை எடுத்துவிட்டேன். அவள் விரல் வெறும் பலகையைத் தொட்டது. அவள் பலகையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் முகத்தில் எதுவும் காட்டாமல் அடுத்த அட்டையை வைத்தேன்.

கலாவுக்குப் பொறுக்கவில்லை. “இன்னா மிஸ் அவசரம்? அது வந்துகினே கீது, அதுக்குள்ள புடுங்கிக்கினியே. அட்டை எங்கனா ஓடியா பூடும்?” என்று சத்தம் போட்டாள். நடுவில் பேசக் கூடாதும்மா, பேசினால் கணக்கில் சேராது என்று நான் சொன்னேன். கடைசி அட்டை வரைக்கும் இப்படியேதான் நடந்தது. பவித்ராவின் தாளில் ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் ‘பதில் இல்லை’ என்று என் கையெழுத்தில் இருந்தது.

நான் கல்மனசுக்காரி இல்லை. அடுத்த வாரமே திட்டத்தின் தலைவரிடம் போய், இந்த நேரக் கணக்கு சில குழந்தைகளுக்குப் பொருந்தவில்லை என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். “மேடம், முதல் சுற்று பாதி முடிஞ்சாச்சு. வருஷா வருஷம் அடிக்கோல மாத்தினா, வளந்தது பிள்ளையா கோலான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்றார். அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. பிடித்ததுதான் வினை. அதன் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்கள் யார் வந்து பத்து வினாடி போதாது என்று சொன்னாலும் நானே அதே வாக்கியத்தை எடுத்து வீசினேன். பயிற்சி வகுப்புகளில் அதற்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது. நீளமான ஆராய்ச்சியில் இது ஒரு பொறி, நீயும் அதில் விழலாம். முதல் வருடம் தப்பு என்று தெரிந்தால் அது தப்பு. மூன்றாம் வருடம் அது விதி. எட்டாம் வருடம் அதைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும்.

இதே சமயத்தில் வீட்டில் உன்னை என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேருந்தில் நடத்துனர் வந்தால் நீ “மந்தை...” என்று தொடங்குவதற்குள் நான் டிக்கெட்டை வாங்கிவிடுவேன். கடையில் உனக்கு வேண்டிய பேனாவின் நிறத்தை நான் சொல்வேன். நீ அசிங்கப்படக் கூடாது என்று செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில், நீ ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் நிற்க என்னால் முடியவில்லை. என் அவஸ்தையைக் குறைக்க உன் வாயை மூடினேன்.

உனக்குப் பத்து வயதிருக்கும். கோயிலில் திருவிழாப் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு என்கிற பொது வேண்டுதலை வாசிக்க உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டே வரி. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அந்த இரண்டு வரியை எத்தனை நாள் சொல்லிப் பார்த்தாய். திருவிழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் நான் உன்னிடம் வந்து, சிஸ்டர் வேறு பையனுக்குக் கொடுத்துவிட்டார் என்று சொன்னேன். நீ “சரிம்மா” என்றாய். தம்பி, சிஸ்டர் மாற்றவில்லை. நான்தான் போய், “வேற பிள்ளைக்குக் குடுத்துடுங்க சிஸ்டர், இவன் மேடையில நின்னுடுவான்” என்று சொன்னேன். அவர்கூட “நிக்கட்டுமே, என்ன இப்ப? சாமி என்ன வாட்ச் கட்டிட்டா உக்காந்திருக்கு?” என்றார். நான்தான் கேட்கவில்லை. பூசையில் நீ என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். வேறு பையன் வாசிக்கும்போது உன் உதடு அந்த இரண்டு வரியையும் முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்தது. என்னை மன்னித்துவிடு. இதை நேரில் சொல்ல எனக்குத் துணிவு வந்ததே இல்லை.

பவித்ராவிடம் திரும்புகிறேன். இரண்டாம் வருடமும் அதே கதைதான், ‘பதில் இல்லை’. மூன்றாம் வருடம் ஓர் அதிசயம் நடந்தது. கேள்வியைக் கேட்டு முடித்ததும் அவள் கை பொத்தென்று அட்டையில் விழுந்தது. அடுத்த அட்டைக்கும் அப்படியே. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தில் எதுவும் காட்டக் கூடாது என்ற விதியையும் மறந்து சிரித்துவிட்டேன். அன்று ஆராய்ச்சிக்குப் படம் எடுக்க ஒருவர் வந்திருந்தார், அவரும் சந்தோஷமாக எடுத்துத் தள்ளினார். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட கால்வாசி சரி. ஒன்றுமில்லாமல் இருந்தவள் கால்வாசிக்கு வந்துவிட்டாள். அறிக்கையில் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினோம். கலா எங்கள் எல்லோருக்கும் கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். “மார்க்கு ஏறிகீதாமே மிஸ்! நான் அப்பவே சொன்னேன்ல, எம்பொண்ணு கெட்டி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான்கு படத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே நான்குக்கு ஒன்று தானாகச் சரியாகும். கால்வாசி என்பது அதுதான். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பயிற்சி வகுப்பில் நானே மற்றவர்களுக்குச் சொல்லித்தந்த பாடம். ஆனாலும் அந்த வருடம் அது என் புத்தியில் ஏறவில்லை. ஏற நான் விடவில்லை என்பதுதான் சரி. பவித்ரா படத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். குறி பார்த்துக் கொண்டுபோகத்தான் அந்தக் கைக்கு நேரம் ஆனது; இப்போது கைக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அதில் போட்டாள். இந்த மிஸ்ஸுக்கு யோசிப்பது வேண்டாம், வேகம்தான் வேண்டும் என்று இரண்டு வருடத்தில் நாங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். விடை தெரிந்தபோது அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, யோசிப்பதை நிறுத்தியதும் மதிப்பெண் கிடைத்தது.

அதோடு போயிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்வேன். திட்டத்தின் சார்பில் வாரத்தில் மூன்று நாள் ஓர் ஆசிரியை அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்து வந்தார். முன்னேறிய குழந்தைக்கு அந்த உதவியைக் குறைத்து, பின்தங்கிய குழந்தைக்குக் கொடுப்பது என்று ஓர் ஏற்பாடு இருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். பவித்ரா முன்னேறியவள் ஆனதால் ஆசிரியை நின்றுபோனார். நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. கலா வந்து கேட்டாள், “நல்லா படிக்கிதுன்னு சொல்லிட்டு டீச்சர நிப்பாட்டிகினா இன்னா மிஸ் அர்த்தம்?” நான் அவளுக்கு விளக்கினேன். தமிழில்தான் விளக்கினேன், ஆனால் அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

அடுத்த வருடச் சுற்றுக்குள் ஆற்றங்கரையைக் காலி செய்து எல்லோரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பவித்ராவின் பெயருக்கு எதிரே ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று எழுதினோம். நான் ஒரு தடவை தேடிப் போனேன். இரண்டு பேருந்து மாறி, ஒரே மாதிரி நின்ற கட்டடங்களுக்கு நடுவில் வெயிலில் அலைந்து, நான்கைந்து பேரிடம் விசாரித்தேன். “கலாவா? கோயம்பேட்டுக்குப் பூட்டாங்களோ இன்னாவோ, தெரிலக்கா” என்று ஒருத்தி சொன்னாள். திரும்பும்போது பேருந்தில் எனக்கு வந்தது வருத்தம் இல்லை தம்பி. நிம்மதி. அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் இப்போது வருந்துகிறேன். உன் ஆராய்ச்சியிலும் குழந்தைகள் காணாமல் போவார்கள். வீடு இடிபட்ட குழந்தைகள்தான் முதலில் போவார்கள். தேடுவதற்கு ஆளும் பேருந்துச் செலவும் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள். என்னைப் போல ஒரு தடவை போய்விட்டுக் கடமை முடிந்தது என்று வந்துவிடாதே.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மாற்று. பத்து வினாடியைத் தூக்கி எறி. குழந்தையின் கை வந்து சேரும் வரைக்கும் அட்டை மேசையிலேயே இருக்கட்டும். கை வராத குழந்தைக்குக் கண் போகும் இடத்தைப் பார்த்துக் குறித்துக்கொள். ‘பதில் இல்லை’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை எடுத்துவிட்டு, குழந்தை என்ன செய்தது என்று எழுத இரண்டு வரி இடம் விடு. கேள்விகளை முதலில் யாரிடம் செய்து பார்ப்பாய் என்று உன்னிடம் நான் கேட்க வேண்டும், எல்லோரையும்விட மெதுவான குழந்தையிடம் என்று நீ சொல்ல வேண்டும். பழையதையும் புதியதையும் ஒரு வருடம் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு பாலம் போடலாம் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். கணக்குக்கு அது நல்ல யோசனைதான். வேகமாகத் தொடும் குழந்தைகளிடம் வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள். பவித்ரா மாதிரி ஒரு குழந்தையின் முன்னாலிருந்து இன்னொரு தடவை அட்டையை உருவ வேண்டாம், பாலத்துக்காகக்கூட வேண்டாம்.

அம்மாவின் கணக்கு வீணாகிவிடும் என்று தயங்காதே. எனக்கு அதில் வலி இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் முப்பது வயதுகளை முழுக்க அதில்தான் போட்டேன், நீ சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நான் இல்லாமல் போனதும் அதற்காகத்தான். ஆனால் அந்த எண்கள் வீணாகவில்லை என்று நீ நிரூபித்துவிட்டால் அதுதான் எனக்குப் பயம். அப்படியானால் புதிதாக வரும் குழந்தைகளும் அதே எண்களுக்குள் போய் விழுவார்கள். கூட்டத்தில் இதை நீயே சொல். ஒரு சொல்லில் நின்றால் நில், யாராவது முடித்து வைக்க வந்தால் கையைக் காட்டி நிறுத்து. அது நானாக இருந்தாலும் நிறுத்து.

ஒன்றை மட்டும் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. உங்கள் தி.நகர் அலுவலகத்தில் படியேறினதும் எதிர்ச் சுவரில் ஒரு பெரிய புகைப்படம் மாட்டியிருக்கிறதே, இரட்டைச் சடை போட்ட ஒரு குழந்தை அட்டை மேல் கையை வைத்திருக்கும் படம். வருகிறவர்கள் எல்லாம் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அது பவித்ராதான், மூன்றாம் வருடம் எடுத்தது. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்ப்பார்கள், பதில் சொல்லும் கை என்பார்கள். நீ திங்கட்கிழமை உள்ளே போவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று அவள் கண்ணைப் பார். அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை. எதிரில் உட்கார்ந்திருக்கும் என் முகத்தைப் பார்க்கிறாள், நான் சிரிக்கிறேனா என்று.

அம்மா